ஓடும் வீட்டின் மட்டம்

மோட்டார் வண்டியின் பின்னால் ஒரு சிறு வீட்டையே பூட்டி இழுத்துக்கொண்டு தேசசஞ்சாரம் செய்யும் வழக்கம், அமெரிக்காவில் முதல் உலக யுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் வேரூன்றியது. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டிருந்த மோட்டார் யாத்திரிகர்கள் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று சங்கம் கண்டது அதன் பாலபருவம். அப்பருவத்தில் டிரெய்லரை மட்டமாக நிறுத்துவதால் நித்திரை சுகத்தைத் தவிரப் பெரிய பிரயோஜனம் இல்லை. தரை சரிந்திருந்தால், தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுத்தால் விவகாரம் தீர்ந்தது.

அந்த அலட்சியத்துக்கு முடிவு கட்டியது ஒரு குளிர்பெட்டி. 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பல்ட்ஸார் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் நிர்மாணித்த அந்தப் பெட்டியில் மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. உஷ்ணத்தால் நீரிலிருந்து பிரியும் அமோனியா, திரவமாகி, ஆவியாகிக் குளிர்ச்சி தந்து, மீண்டும் நீரில் கலந்து, தன் பாரத்தாலேயே குழாய் வழியே இறங்கிக் கொதிகலத்துக்குத் திரும்பிவிடும். மின்சாரமற்ற வனாந்தரத்திலும் ஒரு சிறு வாயுச்சுடரைக் கொண்டே பாலையும் மாமிசத்தையும் காக்கவல்ல இவ்வினப் பெட்டி பிற்காலத்து டிரெய்லர்களில் நிலைபெற்றதில் ஆச்சரியமில்லை. ஆனால் புவியீர்ப்பை நம்பிப் பிழைக்கும் யந்திரத்துக்குச் சாய்வே சத்துரு: திரவம் வழியில் தேங்க, கொதிகலம் அளவுக்கு மீறிச் சூடேறி, துருவைத் தடுக்கச் சேர்த்த ரசாயன உப்பே படிந்து குழாயை அடைத்துவிடும். மலைப்பாதையில் ஓடும்போது எப்பக்கம் சாய்ந்தாலும் குலுக்கலில் திரவம் தேங்குவதில்லை. நின்ற பின்புதான் ஆபத்து என்பது இதில் ஒரு விசித்திரம்.

இதற்கிடையில் தரையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் குறுகிற்று. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் மனித சஞ்சாரமும் மோட்டார்ச் சக்கரங்களும் மண்ணை இறுக்கி மரங்களை நலியச் செய்வதை ஆராய்ந்த தாவரநோய் நிபுணர் எமிலியோ மைனெக்கே, 1930-களின் தொடக்கத்தில், ஒருவழிச் சுற்றுப்பாதையும் அதிலிருந்து கிளைக்கும் தனித்தனி நிறுத்துமிடங்களும், அவற்றை மீறி வண்டி போகாதபடி பாறைகளும் மரக்கட்டைகளும் அமைய வேண்டுமென வகுத்த திட்டம், அமெரிக்க வனமுகாம்களுக்கு இலக்கணமாயிற்று. மரங்களுக்கு ரட்சை கிடைத்தது; பிரயாணியோ தனக்கு வாய்த்த சரிவிலேயே மட்டம் காண வேண்டியவனானான். நியாயமான பேரம் என்பதே என் அபிப்பிராயம்.

அப்படி மட்டம் காண்பதில் ஒரு கிரமம் உண்டு. ரசமட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்பே காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றுவார்கள். கழற்றியபின் பக்கவாட்டைத் திருத்துவது கடினம், முன்பின் வாட்டத்தையோ முன்புற ஜாக்கியால் எளிதில் திருத்தலாம். நான்கு மூலைக் கால்களை இறக்குவது கடைசிக் காரியம். அவை ஆட்டத்தை அடக்குவதற்கே உரியன, அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்க முயன்றால் சட்டமே வளைந்துபோகும்.