கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

ஊராட்சி முறை மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்பாருளர். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டுக்களைப் படித்த எனக்கு அது உடன்பாடன்று.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921இல், அவ்வூர்ச் சபையார் ஊரை 30 குடும்புகளாகப் பகுத்தனர். 35 வயதுக்கு மேல் 70க்குட்பட்டோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், பதவி ஓராண்டே. நிலமும் வேதக் கல்வியும் உடையாரன்றிப் பிறர்க்கு அங்கு இடமில்லை. அக்குறையை மறைத்தல் வரலாறாகாது.

ஆயினும் ஒரு விதியை நான் மாணவர்க்கு ஆண்டுதோறும் எடுத்துரைத்தேன்: வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர்.

நேயர்களே! இன்று வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குண்டு. ஆனால், வாக்களித்ததோடு நம் கடமை முடிவதில்லை. பேரூராட்சியாயினும் நகராட்சியாயினும், கணக்குக் கேட்பவர் உள்ள ஊரே நல்லாட்சி காணும்.