வக்கீல்கள் கட்டிய ஐ.ஐ.டி.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் பிறந்த கதையில் முதலில் வருகிறவர் எஞ்சினியர் இல்லை, கொலோன் நகரத்து வக்கீல். பெயர் கொன்ராட் அடேனாவர். 1917-ல் அந்த ஊருக்கு மேயரானார். நூறு வருஷத்துக்கும் மேலாக மூடிக் கிடந்த கொலோன் பல்கலைக்கழகத்தை 1919-ல் மீண்டும் திறக்க வைத்தவர் அவர்தான்.

1933-ல் நாஜிகள் பதவியைப் பறித்தார்கள். 1944-ல் சிறையில் போட்டார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் மறுபடி மேயராக்க, சில மாதத்திலேயே பிரிட்டிஷார் திறமை போதாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மனிதர் சளைக்கவில்லை. 1949-ல், 73 வயதில், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் ஆனார். தன் ஓட்டையும் தனக்கே போட்டுக்கொண்டார்.

1956 ஜூலையில் நேரு மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகருக்குப் போனபோது இரண்டு பக்கமும் தேவை இருந்தது. இந்தியாவில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்தது, எஞ்சினியர்கள் போதவில்லை. மேற்கு ஜெர்மனிக்கோ கெட்ட பெயரைக் கழுவ வேண்டும். கிழக்கு ஜெர்மனியை அங்கீகரிக்கும் நாட்டோடு உறவு கிடையாது என்று 1955-லேயே அது சொல்லிவிட்டது. இந்தியா அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. உயர் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அமைக்க உதவுகிறோம் என்று ஜெர்மனி முன்வந்தது இந்தச் சூழலில்தான்.

எந்த ஊரில் என்ற கேள்வி வந்தபோது மெட்ராஸுக்கு ஒரு வசதி இருந்தது. மாநிலத்தின் நிதியும் கல்வியும் ஒரே கையில் இருந்தன: அமைச்சர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், கோவையில் வக்கீல் தொழில் பார்த்தவர். கல்வித் துறை எழுதும் கோப்பை நிதித் துறை திருப்பி அனுப்பும் பேச்சே இல்லை. கிண்டிக் காட்டில் 600 ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. 1959-ல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 31-ல் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் திறந்துவைத்தார். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் 120 பேர். பட்டறை இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன, பேராசிரியர்களும் வந்தார்கள்.

அந்த ஐ.ஐ.டி.யின் கிளை வளாகம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில், கேளம்பாக்கம் தாண்டித் தையூரில் 163 ஏக்கரில் நிற்கிறது. அங்கே பிரம்மாண்டமான அலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. வரிசையாக நிற்கும் துடுப்புப் பலகைகள் முன்னும் பின்னும் அசைந்து அலை எழுப்பும்; அலை வரும் திசையையும் மாற்றலாம். துறைமுகத்தையோ தடுப்பையோ சிறிதாகச் செய்து உள்ளே வைத்து, அலை எங்கே மோதுகிறது, எவ்வளவு உயர்கிறது என்று அளக்கிறார்கள்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர்களுக்கு அலைத் தடுப்பு ஊர்ப் பிரச்சினை. இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அடுத்த குப்பத்தின் கரை அரிக்கும். கல்லைக் கொட்டுவதற்கு முன் தொட்டியில் பார்த்துவிட்டால் செலவும் மிச்சம், இரண்டு குப்பத்துச் சண்டையும் மிச்சம்.

எங்கே கட்டுவது, எங்கே விடுவது என்று முடிவெடுப்பது மறுபடியும் அரசியல்வாதிகள்தான். நிபுணர் சொல்வதைக் கேட்டு, அதற்குப் பணமும் நிலமும் ஒதுக்கத் தெரிந்திருந்தால் போதும். அந்த இரண்டு வக்கீல்களுக்கும் அது தெரிந்திருந்தது.