வில்லையும் வீதியும்

சிறு பிராயத்தில் என் தந்தையாரின் மிதிவண்டியில் ஒரு தகர வில்லை தொங்கக் கண்டிருக்கிறேன். பேச்சு வழக்கில் அதனைப் 'பில்லை' என்போம். உள்ளாட்சி மன்றத்துக்கு ஆண்டு வரி செலுத்தியவர்க்கு அது கிடைக்கும். அஃதின்றி வண்டி ஓட்டினால் அபராதம். அன்று அது எனக்கு விளையாட்டுப் பொருள். பின்னர் வரலாறு கற்பிக்கப் புகுந்தபோதுதான் அதன் உட்பொருள் விளங்கிற்று. மிதிவண்டிக்காரர் வரி கொடுப்பார். மன்றம் வீதியைச் செம்மையாக வைத்திருக்கும் என்ற எழுதாத உடன்பாட்டின் அடையாளம் அது.

நல்ல வீதி வேண்டுமென்று மோட்டார் வண்டிகள் பெருகுமுன்னரே குரல் எழுப்பியவர்கள் மிதிவண்டிக்காரர்கள். 1886-இல் இங்கிலாந்தின் மிதிவண்டிச் சங்கங்கள் கூடிச் சாலைச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றை நிறுவின. அமெரிக்காவிலும் 1880-இல் தோன்றிய மிதிவண்டியாளர் கழகம் இதே கோரிக்கையை முன்வைத்துப் போராடியது. காரணம் எளிது. நான்கு சக்கர வண்டி பள்ளத்தில் குலுங்கும். மிதிவண்டியின் ஒடுங்கிய முன்சக்கரமோ அதில் இறங்கிச் சிக்கி, ஏறியிருப்பவரைக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியும். பள்ளத்துக்கு ஒதுங்கினால் பின்னால் வரும் லாரிக்கு இரையாக நேரும். மழைநீர் ஓடித் தேங்குவது சாலையோரத்தில். தார் முதலில் பெயர்வதும் அங்கேதான். மிதிவண்டிக்காரர் செல்ல வேண்டிய இடமும் அதுவே.

விழுந்தவர்க்கு யார் பொறுப்பு? 1788-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பழுதுற்ற பாலத்தால் தம் வண்டி சேதமடைந்த ஒருவர் டெவன் கோட்டத்து மக்கள்மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். அம்மக்களுக்குப் பொது நிதியும் இல்லை, அவர்கள் சார்பில் பொறுப்பேற்கும் மன்றமும் இல்லை என்பது காரணங்களுள் ஒன்று. சாலையைச் செப்பனிடாதிருந்தமைக்காக நட்டஈடு கேட்க இயலாது என்ற நிலை அங்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது.

நம் நாட்டில் 2013 முதல் 2017 வரை சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் மாண்டனர் என்ற கணக்கைக் கண்டு, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க இயலாதது என்றது. அடுத்த ஆண்டே மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. சாலை அமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் தவறி உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றாயிற்று. இங்கே நிதியும் உண்டு, மன்றமும் உண்டு, சட்டமும் உண்டு.

எனினும், சென்ற மழைக்காலத்தில் என் பழைய மாணவர் ஒருவர் முகப்பேரில் நீர் மூடிய பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முறையிடச் சென்ற முதல் அலுவலகத்தில், "இது உட்புறச் சாலையன்று, பேருந்து செல்லும் சாலை, எங்களுடையதன்று" என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், "குழாய் பதிக்கத் தோண்டியவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். கட்டுப்போட்ட கையோடு மூன்றாம் அலுவலகம் செல்ல அவருக்கு மனமில்லை. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆட்சி எல்லை விரிந்தது. ஒரு வீதியின் உரியவர் யார் என்பது மட்டும் குடிமகனுக்குத் தெளிவாகவில்லை.

இது அம்பத்தூர் வட்டாரத்தில் நடப்பது எனக்கு மிகவும் உறுத்துகிறது. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் மிதிவண்டிகள் உருவானது இவ்வூரில்தான். நாடெங்கும் உழைப்பாளர்க்கு வண்டி கொடுத்த ஊர் இது. இன்றும் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள்.

மிதிவண்டி வில்லை மறைந்துவிட்டது. இனி அதனை வீதிக்கு மாட்டுவோம். ஒவ்வொரு வீதிமுனையிலும் ஒரு பலகை வேண்டும். சாலை இட்ட நாள், இட்டவர் பெயர், எதுவரை பழுது பார்க்கக் கடமைப்பட்டவர், எந்த அலுவலகம் பொறுப்பு என்னும் நான்கு வரிகள் அதில் போதும். பள்ளியில் ஒரு பலகணி உடைந்தால், "யார் வகுப்பு?" என்றே முதலில் கேட்போம். அக்கேள்விக்கு விடை தெரிந்தால் பலகணி மறுநாளே செப்பமாகிவிடும்.