தாளில் தங்கிய கனவுகள்

சென்னை ஓவியர் கே. ராமானுஜம் பேனாவும் மையும் கொண்டு தாளில் வரைந்த கனவுக் காட்சிகள், அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆன பின்னும் இந்திய நவீன ஓவிய ஏலங்களுக்கு வருகின்றன. தமிழ்நாட்டு ஓவியத்தில் சர்ரியலிசத்துக்கு மிக அருகில் நிற்பவை அவை.

சென்னை அரசு ஓவியக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1957இல் அதன் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர் ராமானுஜம். அவருக்குப் பேச்சு எளிதில் வராது, மனநோயும் வாட்டியது. பணிக்கர் அவரை அவர் போக்கிலேயே வரையவிட்டார். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். ராமானுஜம் அங்கே தங்கி வரைந்தார். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய தாளில் வெற்றிடம் அரிது. கோபுரமும் கோட்டையும் கலந்த மாளிகைகள், சிறகு முளைத்த விலங்குகள், பாம்புகள், அலங்காரம் பூண்ட பெண்கள் என உருவங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். நிழலையும் திரட்சியையும் நெருக்கமான மெல்லிய கோடுகளே தருகின்றன. பல ஓவியங்களில் கூட்டத்துக்கு நடுவே தொப்பி அணிந்த ஒருவர் இருப்பார், அது ராமானுஜமேதான். 1924இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட சர்ரியலிச அறிக்கை, கனவையும் ஆழ்மனத்தையும் கலையின் ஊற்றாக அறிவித்தது. ராமானுஜம் கனவுக்கு வந்தது கொள்கை வழியாக அல்ல. அவர் வாழ்ந்த உலகமே அதுதான்.

தாள் ஓவியத்தின் ஆயுள் தாளின் தரத்தைப் பொறுத்தது. மரக்கூழில் எஞ்சும் லிக்னின் என்ற பொருள் ஒளி பட்டால் பழுப்பேறும். அமிலம் தாளை நொறுங்கவைக்கும். பருத்தியில் லிக்னின் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் ஓவியத்தாளுக்குப் பருத்தி உகந்தது. இதில் கொங்கு நாட்டுக்கும் பங்கு உண்டு: திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போது விழும் பருத்தித் துண்டுகள், அங்கே ‘கட்டிங் வேஸ்ட்’ எனப்படுபவை, கைக்காகிதப் பட்டறைகளுக்கு மூலப்பொருளாகின்றன. துண்டுகளை நறுக்கி, நீரில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி உலர்த்தினால் தாள் கிடைக்கிறது. நல்ல தாளையும் கடலோர ஈரப்பதம் விடுவதில்லை. பூஞ்சையும் பழுப்புப் புள்ளிகளும் படரும்.

எனவே ஏல நிறுவனம் முதலில் பார்ப்பது தாளின் நிலையை: கிழிசல், கறை, மங்கிய மை, பின்புறம் ஒட்டிய அட்டை. அடுத்து, ஓவியரிடமிருந்து அது யார் யார் கைக்கு மாறி வந்தது என்ற சான்று. இரண்டையும் வைத்து மதிப்பீட்டு விலை அச்சிடப்படும். எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை என்பதை உரிமையாளரும் நிறுவனமும் முன்பே பேசி இரகசியமாக வைப்பார்கள். கேட்பு முடிந்ததும், வாங்குபவர் தாம் கேட்ட தொகைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

மறுவிற்பனையில் ஓவியர் தரப்புக்கும் சட்டம் இடம் தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவின்படி, முதல் உரிமையாளராக இருந்த ஓவியரின் மூல ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அவரோ அவருடைய சட்டப்படியான வாரிசுகளோ பங்கு கோரலாம். அது மறுவிற்பனை விலையில் 10 விழுக்காட்டைத் தாண்டாது. பதிப்புரிமை உள்ளவரைதான் இந்த உரிமையும் உண்டு; ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ராமானுஜத்தின் ஓவியங்களுக்கு அந்தக் காலம் 2033 இறுதிவரை உள்ளது.