தூரத்துக்குக் காசில்லை: ஒரு அரையணாக் கதை

எஸ்.டி.டி. பூத் காலத்துல தூரத்தை வெச்சுத்தான் காசு. இப்போ கம்பத்துல இருந்து தேனிக்குப் பேசினாலும் டெல்லிக்குப் பேசினாலும் ஒரே கட்டணம். கடுதாசிக்கு இந்த மாற்றம் 1854லயே வந்துடுச்சு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி எடை, தூரம் ரெண்டையும் பார்த்துத்தான் கூலி. ஒரு தோலா (சுமார் 11.66 கிராம்) கடிதம் கல்கத்தாவிலிருந்து ஆக்ரா போக 12 அணா, பம்பாய் போக ஒரு ரூபாய், அதாவது 16 அணா.

1854 அக்டோபர் 1 முதல் கால் தோலா வரை அரையணா, அரை தோலா வரை ஒரு அணா, ஒரு தோலா வரை 2 அணா. தூரம் கணக்கிலேயே இல்லை. பம்பாய்க் கடிதத்தோட விலை எட்டுல ஒரு பங்காச்சு!

இது எப்படிக் கட்டுபடியாச்சு? இங்கிலாந்துல ரோலண்ட் ஹில் 1837ல போட்ட கணக்குதான். ஒரே மூட்டையில நிறைய கடிதம் போறதால ஒரு கடிதத்துக்கு வழிச்செலவு ரொம்பக் கம்மி. பிரிக்கிறது, கணக்கு எழுதறது, வாங்கறவர்கிட்ட காசு வசூலிக்கிறது, இதுலதான் செலவு. முன்கூட்டியே ஸ்டாம்ப் ஒட்டிட்டா பாதி வேலை மிச்சம். அதனாலதான் இங்கேயும் ஸ்டாம்ப் ஒட்டாத கடிதத்துக்கு ரெண்டு மடங்கு வாங்கினாங்க.

நீல நிற அரையணா ஸ்டாம்பை கல்கத்தாவில் கேப்டன் துய்லியர் மேற்பார்வையில் கல்லச்சுல அடிச்சாங்க. ஓரத்துல துளையும் கிடையாது, பின்னாடி பசையும் கிடையாது. கத்தரிச்சு, நாமளே பசை தடவி ஒட்டணும்.

இன்னைக்கு சாதாரண ஏ4 தாள் ஒன்னு சுமார் 5 கிராம். கால் தோலா 3 கிராமுக்கும் கம்மி. ஆக அரையணாவுக்கு அரைத் தாள்தான். குணுக்கி எழுதினாத்தான் குடும்பக் கதை முழுசும் அடங்கும் :-)

அப்போ மதுரை ஜில்லாவோட மேற்குக் கோடியில இருந்த நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கு இதுல என்ன லாபம்? மதுரைக்கே ரயில் வந்தது 1875ல. போடிக்கு 1928ல. தூரத்துக்குக் காசுன்னா, இப்படி ஓரத்துல இருக்குற ஊருக்குத்தான் அடி. ஒரே விலைன்னு ஆனதும் கம்பத்துக்காரரும் மெட்ராஸ்காரரும் சமம்.

ஆனா அந்தச் சமம் குமுளி மலை வரைக்கும்தான். அந்தப் பக்கம் திருவிதாங்கூர். அங்கே பிரிட்டிஷ் தபால் ஆபீஸ்கள் இருந்தாலும், சமஸ்தானத்துக்குன்னு தனியா 'அஞ்சல்' இலாகாவும் ஓடுச்சு. 1888ல சங்கு போட்ட ஸ்டாம்ப் வெளியிட்டாங்க. விலை அணாவுல இல்லை, சக்கரத்துல. இந்தப் பக்கம் அது செல்லாது. பென்னிகுயிக் பெரியாறு அணை கட்டிக்கிட்டிருந்த (1887-1895) அதே வருஷங்கள். மலையைக் குடைஞ்சு தண்ணி இந்தப் பக்கம் வந்துச்சு, சங்கு ஸ்டாம்ப் வரலை. 1951ல அஞ்சல் இலாகா இந்தியத் தபாலோட சேர்ந்த பிறகுதான் அந்தக் கோடு அழிஞ்சுது.

உங்க வீட்டுப் பரண்ல பழைய கடுதாசிக் கட்டு இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஸ்டாம்பைப் பாருங்க. ராணி தலையா, சங்கான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.