கை காய்ச்ச கதை

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் (வயசு 11, மஞ்சள் பெல்ட்!) மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரைக் குத்திக்கொண்டு நின்றான். "என்னடா பண்றே?" என்றேன். "கையை இரும்பாக்குறேன் மாமா. அடுத்த மாசம் ஓடு உடைக்கணும்" என்கிறான். எனக்குப் பகீர் என்றது. காரணம் இருக்கிறது. என் வலது கையை மடக்கினால் நாலு முட்டி தெரிய வேண்டிய இடத்தில் மூணுதான் தெரியும். நாலாவது எங்கே போச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் கையைப் பழக்க ஒரு கருவி உண்டு. பெயர் மகிவாரா. சுற்றிய வைக்கோல் என்று அர்த்தம். மரப்பலகை ஒன்றை நிலத்தில் ஆழமாக நட்டு, நெஞ்சு உயரத்தில் வைக்கோல் பிரியைச் சுற்றிவிடுவார்கள். அதில்தான் குத்த வேண்டும். இதிலே கவனிக்க வேண்டிய விஷயம், பலகை அடியில் தடிமனாகவும் மேலே போகப் போக மெல்லிசாகவும் இருக்கும். குத்தினால் வளைந்து கொடுக்கும். சுவர் வளையுமா?

இடோசு அன்கோ (1831-1915) என்ற பெரியவர்தான் 1901-இல் கராத்தேயை ஒகினாவாவின் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர். 1908-இல் கராத்தே பற்றிப் பத்து அம்சங்களை எழுதி அதிகாரிகளுக்குக் கொடுத்தார். மகிவாராவில் ஒவ்வொரு கையாலும் தினம் நூறு இருநூறு முறை குத்து என்பது அதில் ஒன்று. அடேயப்பா என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அதே இடத்தில் தோளைத் தொங்கவிடு, காலால் தரையைப் பற்றிக்கொள், பலத்தை அடிவயிற்றில் வை என்றும் சொல்கிறார். அதாவது அடி எப்படி விழவேண்டும் என்பதுதான் அவருக்குப் பாடம். கை காய்ப்பது கூடவே வருவது.

இடோசுவிடம் படித்த ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைக் காட்டி ஜப்பான் முழுக்கப் பரவ வழி செய்தார். அவரும் மகிவாரா குத்தியவர்தான். ஆனால் அதே கையால் தூரிகை பிடித்து அழகாக எழுதவும் செய்தார். கவிதைக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஷோட்டோ. ஷோட்டோகான் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. 1957-இல் 88 வயதில் இறந்தார். முட்டியைப் பழக்கியும் தூரிகை பிடிக்கிற விரலைக் காப்பாற்றிக்கொண்ட மனுஷர்!

அப்புறம் எங்கே தடம் மாறியது? மேடையில்தான் என்பேன். மாஸ் ஒயாமா 1952-இல் அமெரிக்கா போய்ப் பலகையும் செங்கல்லும் உடைத்துக் காட்டினார். 1973-இல் புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' வந்தது. நம்மூர்த் தெருவெல்லாம் "ஹூ... ஹா" சத்தம். மகிவாராவின் பொறுமை யாருக்கும் தெரியவில்லை, உடைந்த செங்கல் மட்டும் கண்ணில் நின்றது.

உடைப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. மைக்கேல் ஃபெல்டு, ரொனால்டு மெக்நேர், ஸ்டீபன் வில்க் மூவரும் 1979-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதை விளக்கினார்கள். (மெக்நேர் கராத்தே கறுப்பு பெல்ட், பிறகு விண்வெளி வீரர். 1986 சேலஞ்சர் விபத்தில் இறந்தவர்.) எலும்பு கான்கிரீட்டைவிட வலுவானது. வேகமும் கோணமும் சரியாக இருந்தால் உடைகிறது. கோணம் தப்பினால் உடைவது கைதான்.

நன்மையே இல்லையா? இருக்கிறது. தாங்குகிற சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். தோல் தடிக்கும், மணிக்கட்டு நேராக நிற்கப் பழகும், அடிக்கிற பயம் போகும். ஆனால் எலும்பு திருந்த மாதங்கள், வருடங்கள் ஆகும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது, கெட்டால் சரியாவது கஷ்டம். சின்னப் பிள்ளைகளுக்கோ எலும்பு வளர்கிற தட்டு இன்னும் மூடியிருக்காது, அதில் அடிபட்டால் வளர்ச்சியே கோணலாகலாம்.

இப்போது என் நாலாவது முட்டி. 14 வயசு. மாஸ்டர் மணல் மூட்டையில் குத்தச் சொன்னார். ஒரே மாசத்தில் "போதும், சுவருக்குப் போ" என்றார். குத்து ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் விழவேண்டும். அந்த இரண்டுக்கும் பின்னால் உள்ள எலும்புதான் அசையாமல் நிற்கும். எனக்குச் சுண்டுவிரல் பக்கம் விழுந்தது. டொக். அவ்வளவுதான். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்று டாக்டர்கள் சொல்கிற அதே இடம். வீட்டில் திட்டுவார்களே என்று மூணு நாள் மறைத்தேன். எலும்பு இறங்கியபடியே கூடிவிட்டது. மழைக்காலம் வந்தால் இன்னிக்கும் ஞாபகப்படுத்தும்.

அக்கா பையனிடம் கையை மடக்கிக் காட்டினேன். தடவிப் பார்த்தான். "வலிக்குமா மாமா?" என்றான். "பேனா பிடிச்சு ரொம்ப நேரம் எழுதினா வலிக்கும்டா" என்றேன். ஒன்றும் பேசவில்லை. கீழே போய் ஒரு பழைய தலையணையோடு வந்தான். சுவரில் சாய்த்து வைத்தேன். தோளைத் தொங்கவிடச் சொன்னேன். பத்து குத்து, மெதுவாக. ஓடு காத்திருக்கட்டும்.