சிட்டாவும் அடங்கலும்

கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் நிலம் வைத்திருப்பவருக்குச் சிட்டா வேறு, அடங்கல் வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் புல எண்ணில் யாருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்வதோடு சிட்டாவின் வேலை முடிந்துவிடும். ஜூலை 1இல் பிறக்கும் ஒவ்வொரு பசலியிலும் அந்த நிலத்தில் நெல் நின்றதா, மல்லாட்டை போட்டார்களா, தரிசாகக் கிடந்ததா என்று எழுதுவது அடங்கல். பயிர்க்கடன் கேட்டுப் போனால் அடங்கலையும் கேட்பார்கள். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் தணிக்கைக்குப் போகும் கணக்குகளில் அதுவும் உண்டு. கணினி நினைவகத்தைத் தணிக்கை செய்யும் கருவிகளின் வரலாறும் சிட்டாவிலிருந்து அடங்கலுக்கு வந்து சேர்ந்த வரலாறுதான் என்பேன். 1980இல் பதவி ஒழிக்கப்படும்வரை கர்ணங்கள் எழுதிவந்த இந்த வேறுபாட்டை மென்பொருள்காரர்கள் கருவியாக்க ஏறக்குறைய இருபது ஆண்டு பிடித்தது.

சி மொழியில் எழுதிய நிரல் தனக்கு வேண்டிய இடத்தை ‘மாலாக்’ என்று கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ’ என்று திருப்பித் தர வேண்டும். தராமல் விட்டால் கசிவு, எல்லை தாண்டி எழுதினால் ஆக்கிரமிப்பு. ஆரம்பக் கருவிகள் பார்த்தது நில அளவர் வேலை. 1991இல் தொடங்கிய ப்யூர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘ப்யூரிஃபை’ அந்த ரகம். (அதைத் தொடங்கிய ரீட் ஹேஸ்டிங்ஸ் பிறகு நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது தனிக் கதை.) 2002இல் ஜூலியன் சீவர்ட் வெளியிட்ட வால்கிரின்ட் அதே வேலையை லினக்ஸில் இலவசமாகச் செய்தது. அதோடு சேர்ந்த ‘மாசிஃப்’, நிக்கோலஸ் நெதர்கோட் எழுதியது, நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அவ்வப்போது கணக்கெடுத்தது. 2007 கடைசியில் அதைப் புதிதாகவே எழுதினார்கள். அப்போதும் அது சிட்டாதான்.

அடங்கல் வந்தது ‘டிஹாட்’ வடிவில். 2010இல் வால்கிரின்டில் சோதனைக் கருவியாகச் சேர்ந்த இதை, 2019 ஏப்ரலில் வந்த அதன் 3.15 பதிப்பில் அடியோடு திருத்தி, முடிவுகளை உலாவியில் பார்க்கும்படி செய்தார்கள். வாங்கிய இடம் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது, எத்தனை முறை படிக்கப்பட்டது, எழுதப்பட்டது என்பதெல்லாம் இதில் பதிவாகும். ஒரு நிரல் ஒவ்வொரு பெயருக்கும் 200 பைட் வாங்கி 40 மட்டும் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாசிஃப் 200 என்று மட்டும் சொல்லும். டிஹாட் பைட் பைட்டாகத் தொட்ட எண்ணிக்கையை அடுக்கி, தொடாத இடத்தில் ஒரு சிறு கோடு போடும். முந்தைய எண்ணே திரும்ப வந்தால் மேற்கோள் குறி போன்ற இரட்டைக் கோடு. நம் பழைய கணக்குகளில் ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவதும் இதே சிக்கனம்தான்.

ஜாவா போன்ற மொழிகளில் குப்பை தானாகவே அள்ளப்படுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அள்ளும் ஏற்பாடு, யாரும் சுட்டாத இடத்தை மட்டுமே எடுக்கும். பட்டா நடப்பில் இருந்து உழாமல் கிடக்கும் நிலத்தை அது தொடாது. நீளும் பட்டியல் ஒன்றில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத தரவு அப்படித்தான் தேங்குகிறது. அங்கே கருவி வேறாகலாம், கேள்வி அதே. இன்னொரு ஆட்சேபம் கனமானது: கிராமத்தைச் சுற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தே அடங்கல் எழுதுவதும் உண்டல்லவா? உண்டு. டிஹாட்டும் தன் கண்முன் ஓடிய வழியை மட்டுமே எழுதும். சோதனையில் ஓடாத பகுதி கணக்கில் வராது.

தரிசு என்று எழுதியதெல்லாம் வீண் நிலமும் அல்ல. தொடக்க மதிப்பு இல்லாத நினைவகம் என்று வால்கிரின்ட் எச்சரித்ததை நம்பி, 2006இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலின் இரண்டு வரிகளை முடக்கினார்கள். சாவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மை அதோடு போயிற்று. ஒவ்வொரு வகையிலும் 32,768 சாவிகள்தான் சாத்தியம் என்றானது. 2008 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. அந்த வரிகள் எதற்கு என்று தெரிந்தவரைக் கேட்டுத் தீர விசாரிக்கவில்லை. டிஹாட்டுக்குக் காசு கிடையாது. உங்கள் நிரலை ஒருமுறை அதில் ஓட்டிவிட்டு, கோடு விழுந்த இடங்களை முதலில் பாருங்கள். அழிக்கும் முன் எழுதியவரைக் கேளுங்கள்.